கீரைக்கு வாங்கலாம், மீனை நம்பி வாங்காதீங்க: வீட்டு அக்வாபொனிக்ஸ் செட் பற்றி

மட்டக்களப்பு டவுனுக்கு கிட்ட ஒருத்தர் அக்வாபொனிக்ஸ் செட், அதாவது மீன் வளர்க்கிற தண்ணிய சுத்த விட்டு அதிலயே மண்ணில்லாம கீரையும் வளர்க்கிற செட், செஞ்சு வீட்டுக்கே கொண்டுவந்து பூட்டிக் குடுக்கிறார், கனபேர் அது எப்பிடி எப்பிடி எண்டு கேட்டுக்கொண்டே இருக்கிறீங்க, அதுதான் எழுதுறன். கடைப்பேர் போடல்ல, ஏனெண்டா குறையும் சொல்லப்போறன். 500 லீட்டர் மீன் டாங்கி, செடி வளர்க்க பாதியா வெட்டின நீலப் பரல் (பீப்பாய்) நாலு, அதுக்குள்ள போட சல்லி, மோட்டர், பைப் எல்லாம் சேர்த்து 60,000 ரூபாக்கு கிட்ட எடுத்தார்.

வேலை சுத்தம். பைப் பூட்டினதுல ஒரு சொட்டு ஒழுக்கு இல்ல, பெல் சைஃபன் எண்டு ஒண்டு வெச்சிருக்கார், மோட்டர் ஏத்திற தண்ணி பரல்ல ஒரு மட்டத்துக்கு வந்ததும் தானா முழுக்க இழுத்து டாங்கிக்கு விட்டுரும், மறுகா திரும்ப நிரம்பும். தண்ணி இறங்கிற நேரம் வேருக்கு காத்து கிடைக்குது, அதுதான் இதிட சூட்சுமம். இந்த சைஃபன் சரியான வீம்பு பிடிச்ச சாமான், தண்ணி குறைய வந்தா இழுக்காம வழிஞ்சுகொண்டே கிடக்கும், கூட வந்தா இழுக்கிறத நிப்பாட்டாது. அவர் வால்வு திருகி செட் பண்ணிக் குடுத்தது இண்டைக்கும் அப்பிடியே ஓடுது. இதுக்கு முழு மார்க்.

சல்லிதான் முதல் பிரச்சினை. பாக்க வடிவா வெள்ளையா கொண்டுவந்து இறக்கினார், நான் ஒரு கோப்பைல கொஞ்சம் அள்ளிப் போட்டு வினாகிரி ஊத்தினன், புசுபுசு எண்டு நுரைச்சுது. சிப்பியும் முருகைக்கல்லும் கலந்திருக்கு, கடற்கரைப் பக்கம் இருந்து வாற சாமான்ல இது கலந்து வாறது சகஜம். அந்தக் கல்ல போட்டா அது கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு தண்ணிட பிஎச் (புளிப்பு, காரம் காட்டுற அளவு) எட்டுக்கு மேல ஏறும், தண்ணில இரும்புச்சத்து இருந்தாலும் செடியால எடுக்க ஏலாது, குருத்து இலை நரம்பு மட்டும் பச்சையா மத்ததெல்லாம் மஞ்சளாப் போகும், போதாக்குறைக்கு பிஎச் கூடக்கூட அமோனியாவும் மீனுக்கு கடும் நஞ்சாகும். காட்டினதும் ஒரு கதையும் இல்லாம அடுத்த நாளே கருங்கல் சல்லி மாத்தித் தந்தார், அந்தக் குணம் நல்லம். ஆனா நுரையக் கண்டு அவரே ஆச்சரியப்பட்டதுதான் எனக்கு யோசனை, அப்ப முந்தி வாங்கின ஆக்களுக்கு எந்தக் கல்லு போயிருக்கும்?

ரெண்டாவது, செட்டோட மீன்குஞ்சையும் பேக்ல கொண்டுவாறார், இண்டைக்கே விடுங்க எண்டுறார். விடாதீங்க. மீன்ட கழிவுல அமோனியா வரும், அத ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரேட்டாக்கும், அந்த நைட்ரேட்தான் செடிட சாப்பாடு. புதுச் சல்லில அந்த பாக்டீரியா இல்ல, வளர 4 தொடக்கம் 6 கிழமை எடுக்கும், அதுக்குள்ள மீன நிறைய விட்டா அது தன்ட கழிவுலயே செத்துப்போகும். நான் குஞ்ச திருப்பி அனுப்பிட்டு ஆரையம்பதில ஏற்கனவே செட் ஓடுற கூட்டாளிட்ட ரெண்டு வாளி பழைய சல்லி வாங்கிக் கலந்தன், அதுல பாக்டீரியா ஒட்டிக்கொண்டே வரும். உன்னிச்சைக் குளத்துல இருந்து வாற பைப் தண்ணி பாவிக்கிற ஆக்கள் அத ஒரு நாளாவது திறந்து வெச்சிட்டு விடுங்க, குளோரின் மீனையும் கொல்லும் பாக்டீரியாவையும் கொல்லும். வாவிக் கரையில இருக்கிறவங்க கிணத்துத் தண்ணிய வாயில வெச்சுப் பாருங்க, உவர்ப்பா இருந்தா சலாது இலைக்கு (லெட்யூஸ்) சரிவராது.

இப்ப முக்கியமான கதை. நோட்டீஸ்ல "60 மீன் வளர்க்கலாம்" எண்டு போட்டிருக்கு. வீட்டு அளவுக்கு எஃப்ஏஓ (ஐ.நா.ட உணவு விவசாய அமைப்பு) சொல்ற உச்சம் 1000 லீட்டருக்கு 20 கிலோ மீன். அப்ப 500 லீட்டருக்கு 10 கிலோ, அரைக்கிலோ மீனா பிடிக்கிறதெண்டா 20 மீன், அவ்வளவுதான். 60ம் கால் கிலோ வந்தாலே 15 கிலோ ஆயிரும், அந்த நேரம் கரண்ட் போனா? 2022 மார்ச் கடைசில 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாம கிடந்தோமே, மோட்டர் நிண்டு, தண்ணில காத்து இல்லாம எல்லா மீனும் சாக அப்பிடி ஒரு நாள் போதும். இவ்வளவு காசுக்கு செட் விக்கிறவர் பற்றரில ஓடுற ஒரு சின்ன காத்து மோட்டர் சேர்த்துத் தராதது எனக்கு பெரிய குறை, நான் வெளில வாங்கிப் பூட்டினன்.

தண்ணி மோட்டரும் தேவைக்கு மேல பெருசு, 40 வாட். இரவு பகலா ஓடினா மாசம் 29 யூனிட் அளவு, உங்கட பில் 60 யூனிட்டுக்கோ 90க்கோ கிட்ட நிக்குதெண்டா விலை கூடின அடுத்த படிக்கு தள்ளிவிட்டுரும், மனிசி பில்லப் பாத்துட்டு என்னைப் பாத்த பார்வை... டாங்கித் தண்ணி மணித்தியாலத்துக்கு ஒருக்கா சுத்தினா போதும், இந்த உயரத்துக்கு 20 வாட்டே காணும்.

விளைச்சலா? கங்குன் கீரை பேய் வளர்த்தி, வெட்ட வெட்ட வருது, பொன்னாங்காணி, புதினாவும் அப்பிடித்தான், கடைல கீரை வாங்கிறத நிப்பாட்டியாச்சு. சலாது மாசில நல்லா வந்திச்சு, சூடான கச்சான் காத்து தொடங்கினதும் பூத்து கச்சுப்போச்சு. தக்காளி, கொச்சிக்காய் பூக்கும் ஆனா காய் குறைவு, மீன் தீன்ல பொட்டாசியம் காணாது, தனியாக் குடுக்கணும். பூச்சி வந்தா மருந்தடிக்க ஏலாது, மீன் போயிரும், கையால பிடுங்கி எறியவேண்டியதுதான்.

மீன் கணக்கு ஆனா உதைக்குது. திலாப்பியா ஒரு கிலோ வைக்க ஒண்டரைக் கிலோ அளவு தீன் போகும், அரைக்கிலோ மீனாக ஆறு எட்டு மாசம். வாவி மீனும் கடல் மீனும் வீட்டு வாசலுக்கு சைக்கிள்ல வாற ஊர்ல இது லாபம் எண்டு ஆரும் சொன்னா நம்பாதீங்க. எங்கட அம்மா இன்னும் அந்த மீன் ஆணத்துல ஒரு துண்டு தொடல்ல, தொட்டி மீனாம். ஆசைக்கு வளர்க்கிறதெண்டா இங்கினியாகலையில இருக்கிற நக்டா (அரசாங்க மீன் வளர்ப்பு அதிகாரசபை) நிலையத்துல ஆண் குஞ்சு மட்டும் கிடைக்குமா எண்டு கேட்டுப் பாருங்க, ஏனெண்டா ஆணும் பெண்ணும் கலந்து விட்டா பெருகிப் பெருகி எல்லாம் விரல் அளவுலயே நிண்டுரும்.

பி.எச்.ஐ (சுகாதாரப் பரிசோதகர்) வந்து டெங்கு பாக்கிற நேரம் டாங்கிய ஒண்டும் சொல்லல்ல, மீன் புழுவத் திண்டிரும், ஆனா பக்கத்துல தண்ணி நிரப்பி வெச்சிருந்த வாளிய கவிழ்க்கச் சொன்னார். மீன்கொத்திக்கு வலை போடுங்க, அதுவும் செட்ல வராது.

அஞ்சுக்கு மூண்டரை குடுப்பன். வாங்கப்போற ஆக்கள் சின்ன மோட்டர், கருங்கல் சல்லி எண்டு முதலே சொல்லிப் பேசுங்க, குஞ்சு வேணாம் எண்டா அந்தக் காசையும் கழிக்கச் சொல்லுங்க. கூரைத் தகட்டுக்கும் காசு ஒதுக்குங்க, மாரி மழை நேரா பரலுக்குள்ள விழுந்தா டாங்கி வழிஞ்சு சத்தெல்லாம் வளவுக்குள்ள ஓடிரும், அதால நவம்பருக்கு முதல் அடிச்சு முடிச்சிரணும்.