நாலு முழம் மல்லிகையும் ஓர் ஐந்நூறு ரூபாய்த் தாளும்

தை பிறந்ததும் கல்யாணப் பத்திரிகைகள் வாட்ஸ்அப்பில் வரிசை கட்டும். மார்கழி முழுக்க மண்டபங்கள் பூட்டிக் கிடந்ததற்கும் சேர்த்து, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பாதி ஊர் தாலி கட்டும். சிங்கப்பூரிலிருந்து ஜோடியாகப் போகிறவர்களுக்குக் கணக்கு எளிது: வெள்ளிக்கிழமை ராத்திரி திருச்சி, சனிக்கிழமை மாலை தஞ்சாவூரில் வரவேற்பு, ஞாயிறு காலை முகூர்த்தம், அன்றிரவே திரும்பு விமானம், திங்கள் காலை சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் வழக்கமான முகங்கள். பறக்கும் நேரம் நாலு மணி. போகும்போது கடிகாரம் இரண்டரை மணி நேரம் பின்னால் நகர்ந்து அதில் பாதிக்கு மேல் திருப்பிக் கொடுத்துவிடும். 2024 ஜூனில் திறந்த திருச்சி புது முனையம் விசாலமாக இருக்கிறது, பெட்டியும் சீக்கிரம் வந்தது. அதில் எல்லாம் குறையே இல்லை.

குறை பூக்கடையில்.

ஞாயிறு விடிய ஐந்து மணி, மண்டபத்துக்கு எதிர்ச்சாரி. பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. ஈரத்துணி மூடிய கூடை, அதன் கைப்பிடியில் சணல் கயிற்றில் தொங்கும் பிளாஸ்டிக் உறை போட்ட க்யூஆர் அட்டை, பக்கத்தில் தீப்பெட்டிக் கட்டு அளவில் ஒரு பேசும் பெட்டி. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை இழுத்து நாலு முழம் அளந்து, கடைசியில் நாலு விரல் கூடுதலாக விட்டுக் கிள்ளினார் அந்த அம்மாள். முழம் 80 ரூபாய். பனிக்காலத்தில் செடியில் மொட்டு அதிகம் பிடிக்காது, அதனால் தையில் மல்லிகை விலை ஏறுவது ஊரறிந்தது. அதைக் குறை சொல்ல முடியாது. 320 ரூபாய்க்கு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டியதும்தான் வந்தது வினை.

"விடியறதுக்கு முன்னாடி ஐந்நூறுக்குச் சில்லறை ஏதுண்ணே? போன்ல போட்டு விடுங்க."

சிங்கப்பூர் வங்கிச் செயலியால் அந்த க்யூஆரைப் படிக்கக்கூட முடியாது. போன்வழிப் பணம் கட்டும் முறை சிங்கப்பூரில் பேநவ், இந்தியாவில் யூபிஐ. பார்க்க இரண்டும் கறுப்புக் கட்டம்தான், உள்ளே வேறு மொழி. சிங்கப்பூர் டேக்கா சந்தையில் காசில்லாமல் பூ, காய், மீன் என்று மூன்று கடை ஏறி இறங்குகிற ஆள், ஊரில் கையில் காசோடு நின்று பூ வாங்க முடியாமல் விழிக்கிறார். பத்து வருடத்துக்கு முன்பு இது நேர்மாறு. அப்போது அட்டையை நீட்டினால் சிரிப்பார்கள், தாளை நீட்டினால் மரியாதை.

கடைசியில் காப்பாற்றியது பக்கத்து டீக்கடை. மாஸ்டர் தன் போனிலிருந்து பூக்காரம்மாவுக்கு 320 போட்டார். "ரூபாய் முந்நூற்று இருபது பெறப்பட்டது" என்று பெட்டி தெருவுக்கே அறிவித்தது. இரண்டு டீ 30 ரூபாய் போக மீதி 150ஐ, எண்ணெய் படிந்த பத்து ரூபாய்த் தாள்களாகவே எண்ணி வைத்தார். நம் ஐந்நூறை மட்டும் விளக்குக்கு எதிரே இரண்டு தடவை தூக்கிப் பார்த்துக்கொண்டார்; அது நியாயம்தான்.

இந்த நிலைமை வராமலிருக்கச் செய்ய வேண்டியதெல்லாம் புறப்படுவதற்கு முன்பு, சிங்கப்பூரில் இருந்தபடி செய்ய வேண்டியவை. இன்னும் இந்தியக் குடியுரிமையில் இருப்பவர்களிடம் வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்ஈ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கு இருக்கும். 2023 ஜனவரியில் பத்து நாட்டு எண்களுக்கு யூபிஐ அனுமதி வந்தது. அதில் சிங்கப்பூரின் +65ம் உண்டு. முதலில் வங்கிக் கணக்கில் பதிந்திருக்கும் எண் இப்போது கையில் இருக்கும் சிங்கப்பூர் எண்தானா என்று பாருங்கள். பாதிப் பேருக்கு அது எப்போதோ கைவிட்ட ஊர் எண்ணாகவே கிடக்கும். பிறகு செயலியில் எண்ணைச் சேர்க்கும்போது, போன் தானாக ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, சிம் அதே போனில் இருக்கிறதா என்று உறுதிப்படுத்தும். பெரும்பாலும் கவிழ்வது இந்த இடத்தில்தான். ப்ரீபெய்டு சிம்மில் வெளிநாட்டுக் குறுஞ்செய்திக்குக் காசிருக்காது. அல்லது போனில் இரண்டு சிம் இருந்து, செய்தி தவறான எண்ணிலிருந்து போகும். அல்லது திருச்சியில் இறங்கியபின் ரோமிங்கில் முயன்று, செய்தி போகாமலே "மீண்டும் முயலவும்" என்று சுற்றிக்கொண்டிருக்கும். ரகசிய எண் வைக்க அந்தக் கணக்கின் டெபிட் அட்டையில் கடைசி ஆறு இலக்கமும் காலாவதித் தேதியும் வேண்டும். அட்டையே காலாவதியாகி அலமாரியில் கிடந்தால் அதோடு சரி.

இன்னொன்று: புதிதாகப் பதிந்த முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்தான் அனுப்ப முடியும். வெள்ளிக்கிழமை விமானம் ஏறுவதற்குச் சற்று முன்பு உட்கார்ந்து செய்தால், சனிக்கிழமை காலை வாடகைக் காருக்கு முன்பணம் கொடுப்பதே இழுபறியாகலாம். புதன்கிழமைக்குள் முடித்து, ஊரில் யாருக்காவது ஒரு ரூபாய் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

"அதான் பேநவ்-யூபிஐ இணைப்பு வந்துவிட்டதே" என்பார்கள். வந்தது, 2023 பிப்ரவரி 21 அன்று, இரு நாட்டுப் பிரதமர்களும் பார்த்திருக்க. ஆனால் அது ஆளுக்கு ஆள் பணம் அனுப்பும் வழி, ஒரு நாளைக்கு 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை. கடையில் தொங்கும் க்யூஆருக்கு அது ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை எடுத்து, ஊர்க் கணக்கையும் மூடிவிட்டவர்களுக்கு இதில் ஒரு குறுக்குவழி உண்டு: கூடவே வரப்போகும் தம்பிக்கோ மச்சானுக்கோ முன்கூட்டியே 200 வெள்ளி அனுப்பிவிட்டு, போகிற இடமெல்லாம் அவரைப் போட வைப்பது. கௌரவம் கொஞ்சம் குறையும். மச்சான் முறைக்காரர் என்றால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்.

ரொக்கம் என்றால் சில்லறையாக. சிங்கப்பூர் சிராங்கூன் சாலை நாணய மாற்றுக் கடைகளில் கேட்காவிட்டால் எல்லாமே ஐந்நூறாகத்தான் வரும். கேட்டு வாங்குங்கள். இரண்டு பேருக்கு இரண்டு நாளைக்கு 10,000 ரூபாயை இப்படிப் பிரித்தால் கவலையில்லை: 200 இருபது, 100 நாற்பது, 50 இருபது, 20 ஐம்பது. விமானத்தில் ஆளுக்கு 25,000 இந்திய ரூபாய் வரை கொண்டுபோகலாம்.

ஏடிஎம்மை நம்புகிறவர்கள் சிங்கப்பூர் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் தேதியோடு திறந்துவிட வேண்டும். இல்லையென்றால் இயந்திரம் காரணம் சொல்லாமல் அட்டையைத் துப்பும். பணம் எடுக்கும்போது சிங்கப்பூர் வெள்ளியிலேயே பிடித்துக்கொள்ளவா என்று திரையில் கேட்டால், வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்த மாற்றுவிகிதம் நமக்குப் பாதகமானது. தொகையை 5,000 என்று போடாமல் 4,900 என்று போடுங்கள். உள்ளே நூறோ இருநூறோ இருந்தால் நானூறு சில்லறையாக விழும். ஐந்நூறு மட்டுமே இருக்கிற இயந்திரம் முடியாது என்று சொல்லிவிடும், அடுத்ததைப் பார்த்துக்கொள்ளலாம்.

மொய் மேசையிலும் காலம் மாறிவிட்டது. சிங்கப்பூரிலேயே ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய உறை வாங்கி, 2,000 வைத்து, மேலே பெயரெழுதிப் பத்திரமாகக் கொண்டுபோனால், அங்கே நீள நோட்டைக் காணோம். ஒரு பையன் மடிக்கணினியும் கையகல அச்சுப்பொறியும் வைத்துக்கொண்டு, "ரொக்கமா ஜீபேயா சார்?" என்கிறான். உறையைக் கிழித்து எண்ணி, நாணயத்தை உரித்துத் தட்டில் போட்டு, 2,001க்கு ரசீது கிழித்துக் கையில் கொடுக்கிறான். பெரிய மாமாக்கள் பென்சிலை நாக்கில் தொட்டு, "எந்த ஊரு, யாரு மகன்?" என்று விசாரித்து எழுதிய காலத்தில் அந்த மேசையிலேயே அரைமணி நேரம் போகும். இப்போது அரை நிமிடம். வேகமென்றால் வேகம்தான், ஆனால் யார் மகன் என்று கேட்க அந்தக் கணினியில் கட்டமே இல்லை.

மீந்த ரூபாயைத் திரும்பி வந்து மாற்றினால் நஷ்டம்; அடுத்த கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் நோட்டைப் பார்த்து வையுங்கள். 2,000 ரூபாய்த் தாள் 2023 மே மாதம் திரும்பப் பெறப்பட்டது. பாஸ்போர்ட் உறைக்குள் பழைய பயணத்தின் மிச்சமாக ஒன்றிரண்டு இன்னமும் பல வீடுகளில் இருக்கின்றன. கடையிலோ சாதாரண வங்கிக் கிளையிலோ அது ஆகாது; ரிசர்வ் வங்கியின் சென்னை அலுவலகம் மாதிரி குறிப்பிட்ட சில இடங்களில்தான் வாங்குகிறார்கள். சனி, ஞாயிறு அதுவும் மூடியிருக்கும்.