கோவளம் சர்ஃபிங்கா, அரும்பாக்கம் இயற்கை மருத்துவமா?

தண்டையார்பேட்டையில் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: "உடம்பும் மனசும் கொஞ்சம் தேறணும்பா, எங்கே போகலாம்?" சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்தில் சர்ஃபிங் எனும் அலைச்சறுக்கு, அரும்பாக்கத்தில் இயற்கை மருத்துவம், நான் இரண்டுக்கும் போய் வந்தவன்.

செலவு: கோவளத்தில் வகுப்புக் கட்டணம் போக தங்குமிடம், சாப்பாடு எல்லாம் தனி. சர்ஃபிங் பலகை வாடகை வகுப்புக் கட்டணத்தில் அடக்கமா என்று முதலிலேயே கேளுங்கள். அரும்பாக்கம் அரசு யோகா, இயற்கை மருத்துவமனையில் செலவு மிகக் குறைவு.

போக்குவரத்து: அரும்பாக்கத்துக்கு மெட்ரோ போதும், சென்ட்ரலில் மாற வேண்டும். கோவளத்துக்கு நகரத்தையே தாண்டி ஈசிஆரில் போகணும். விடியற்காலை வகுப்பென்றால் முந்தின இரவே அங்கே தங்குவதுதான் சரி.

உடம்புக்கு: கோவளத்தில் நீளமான, மெத்தென்ற பலகை, கணுக்காலில் கயிறு, இடுப்பளவு நுரையலை. முதல் நாள் எழுந்து நிற்பதைவிட விழுவதே அதிகம். மறுநாள் தோள் கடுக்கும், மனசு மட்டும் அவ்வளவு லேசாகியிருக்கும். அரும்பாக்கத்தில், சாப்பிடாத வயிற்றின் மேல் சில்லென்று ஈர மண் பட்டி போட்டால் தூக்கம் கண்ணைக் கட்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புதிதாகக் கற்பவர்கள் அப்போது கடலில் இறங்காதீர்கள். எண்ணூர் பக்கம் கரையெல்லாம் பாறாங்கல், அங்கே எப்போதுமே வேண்டாம்.

முதுகுவலி, சர்க்கரை, தூக்கமின்மை என்றால் அரும்பாக்கம். வலியில்லாத உடம்பு, சலித்த மனசு என்றால் கோவளம். அக்காவை அரும்பாக்கத்துக்கும் அவர் மகனைக் கோவளத்துக்கும் அனுப்பினேன்.