பழைய ஷெஃபீல்டு மடக்குக் கத்திகள்: ஒன்பது வருஷப் பழக்கம்

போன மார்ச்சில் கத்திப் பெட்டியைத் திறந்ததும் குப்பென்று கற்பூர வாசம். சாமி அலமாரிக்குக் கீழ்த்தட்டில் வைத்திருந்ததால் அங்கிருந்து வருகிறது என்று நினைத்து மூடப்போனேன். அப்போதுதான் கண்ணில் பட்டது: மேலே கிடந்த பேனாக்கத்தியின் அலகு முழுக்கச் செம்பழுப்புத் துரு. அதை ஒட்டிக் கிடந்த இரண்டுக்கும் அதே கதி, உள்ளே இருக்கும் பித்தளைத் தகடுகளில் பச்சைப் பசேலென்று களிம்பு. ஆறு மாதத்துக்கு முன்னால் நானே எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, பத்திரமாக வைத்தவை.

அன்றைக்கு என் பேன்ட் பாக்கெட்டில் இருந்த கத்தி மழை, வியர்வை, சாவிக்கொத்து, ஆரஞ்சுச் சாறு எல்லாம் பார்த்தது. அதில் ஒரு பொட்டுத் துரு கிடையாது.

வேலைக்காக இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. வந்த இரண்டாம் வருஷம், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் (காரின் பின்கதவைத் திறந்து வைத்து வீட்டுச் சாமான் விற்பார்கள், நம்மூர் குஜிலிக் கடை மாதிரி) ஒரு தகர டப்பாவில் ஸ்பூன், சாவி, பட்டன்களுக்கு நடுவே ஒரு மடக்குக் கத்தி கிடந்தது. பன்னிரண்டு பவுண்டு சொன்னார், எட்டுக்குக் கொடுத்தார். அலகின் அடியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒரு நட்சத்திரமும் மால்டா சிலுவையும். இந்த ஊரின் பழைய கத்திக் கம்பெனியான ஜோசப் ராட்ஜர்ஸின் முத்திரை அது. அங்கே பிடித்தது. இப்போது கையில் இருபத்து மூன்று. வீட்டில் சொல்லும் கணக்கு பதினைந்து.

இந்த ஊரில் கத்தி செய்வது நேற்று வந்த தொழில் இல்லை. கத்திக்காரர்களின் சங்கத்துக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்ததே 1624இல். பெரிய கம்பெனிகளுக்குப் பின்னால் 'லிட்டில் மெஸ்டர்' என்று அழைக்கப்பட்ட தனித்தொழிலாளிகள் இருந்தார்கள்: ஒரு அறை, ஒரு பட்டறைக்கல், ஒரு சாணைச்சக்கரம். ஒருவர் அலகு அடிப்பார், இன்னொருவர் சாணை பிடிப்பார், மூன்றாமவர் பிடி பொருத்துவார். அந்தப் பரம்பரையில் பேர்போன ஸ்டான் ஷா 2021இல் காலமானார். 1913இல் ஹாரி பிரேர்லி துருப்பிடிக்காத எஃகை உருக்கியதும் இதே ஊரில்தான். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் ராத்திரி பத்து மணிக்குத் துருவைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.

தினமும் என்னோடு வருவது அந்த முதல் ராட்ஜர்ஸ் இல்லை, 'லாம்ப்ஃபுட்' என்கிற ஆட்டுக்குட்டிக்கால் அலகு வைத்த வேறொன்று. வெட்டும் விளிம்பு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக இருக்கும். முதுகுதான் சரிந்து வந்து முனையைத் தொடும். வளைவே இல்லாததால் கல்லில் தீட்டச் சுலபம். பிடி எருமைக்கொம்பு, ஓரங்களில் ஜெர்மன் சில்வர். வெட்டு விளிம்பு இரண்டே முக்கால் அங்குலம்.

இந்த அளவு முக்கியம். இங்கிலாந்தில் 1988ஆம் வருஷச் சட்டப்படி, பொது இடத்தில் காரணம் சொல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடிய மடக்குக் கத்திக்கு வெட்டு விளிம்பு மூன்று அங்குலத்தைத் தாண்டக்கூடாது, விரித்ததும் பூட்டிக்கொள்ளும் வகையாகவும் இருக்கக்கூடாது. பழைய கத்திகளில் பெரும்பாலும் பூட்டே இல்லை. முதுகிலுள்ள ஸ்பிரிங் அலகின் அடியை அழுத்திப் பிடித்திருக்கும், அவ்வளவுதான். சட்டம் இடம் கொடுக்கிறது என்பதற்காகப் பள்ளிக்கூட வாசலுக்கோ கால்பந்து மைதானத்துக்கோ எடுத்துப் போகமாட்டேன். ஊருக்கு வரும்போது செக்-இன் பெட்டியில் போகும். போன தடவை அப்பா அதில் மாம்பழம் நறுக்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான்பா இருக்கு, ஆனா அருவாமனை இருக்கறப்ப இது எதுக்கு?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

பார்சல் பிரிக்க, கறிவேப்பிலைப் பாக்கெட் கிழிக்க, மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஆப்பிள் நறுக்க. ஒரு நாளில் ஆறேழு தடவை வெளியே வரும். கார்பன் எஃகு என்பதால் முதல் மாதம் ஆப்பிளில் இரும்பு வாடை ஏறும், வெங்காயம் வெட்டினால் கறுக்கும். "ஏங்க, இனிமே இத அடுப்படிப் பக்கம் கொண்டு வராதீங்க" என்று உத்தரவே வந்தது. புளிப்பு பட்டுப் பட்டு அலகு சாம்பல் நிறமாகி, நீலம் ஓடி, பிறகு தோசைக்கல் பழகுவதுபோல் அடங்கிவிடும். அந்தக் கருமை ஏறியபின் செந்துரு பிடிப்பது குறைகிறது, வாடையும் போய்விடுகிறது. விற்பவர்கள் பலர் பஃபிங் மிஷினில் கொடுத்துப் பளபளவென்று ஆக்கி இரண்டு மடங்கு விலை சொல்கிறார்கள். நான் வாங்குவதில்லை. பளபளப்பில் முத்திரையின் பாதி எழுத்து கரைந்திருக்கும்.

இனி அந்தக் கற்பூரத்துக்கு வருகிறேன். துருப்பிடித்த மூன்றுக்கும் நடுவில் நாலாவது ஒன்று இருந்தது, ஆமையோட்டு மாதிரித் தேன் நிறப் பிடி. விற்றவர் ஆமையோடு என்றே சொல்லித் தந்தார். உண்மையில் அது செல்லுலாய்டு. பழைய சினிமாப் படச்சுருள் செய்த அதே நைட்ரோசெல்லுலோஸ், அதோடு இளக்கத்துக்குக் கற்பூரம். வயதாகிச் சிதையத் தொடங்கினால் கற்பூரம் ஆவியாகும், கூடவே அமில வாயுவும் கசியும். மூடிய பெட்டிக்குள் அந்த வாயு போக வழியில்லாமல் பக்கத்தில் இருக்கும் எஃகையும் பித்தளையையும் தின்னும். என் எண்ணெய்ப் பூச்சு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. இதைவிட வயிற்றைக் கலக்கியது, செல்லுலாய்டு எளிதில் தீப்பிடிக்கும் என்பது. ஆறு மாதமாக அதற்கு மேல்தட்டில் தினமும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மூன்றில் இரண்டைக் காப்பாற்றினேன். மிக மெல்லிய ஸ்டீல் வுல்லில் எண்ணெய் தொட்டுச் செந்துருவை மட்டும் எடுத்து, கருமையைத் தொடாமல் விட்டேன். மூன்றாவதில் துரு குழி விழுந்து ஸ்பிரிங் வரை இறங்கிவிட்டது. விரித்தபோது டக்கென்று இரண்டாக உடைந்தது.

எண்ணெய் என்றதும் ஒன்று. முதல் வருஷம் கைக்கு எட்டிய தேங்காயெண்ணெயைத்தான் மூட்டில் விட்டேன். குளிரில் உறைந்து, பிறகு பிசுக்காகி, பாக்கெட் பஞ்சையெல்லாம் இழுத்துச் சேர்த்து, அலகு நகரவே அடம் பிடித்தது. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் போதும். சாப்பாட்டுப் பொருளில் பட்டாலும் பயமில்லை, சிக்கு வாடையும் வராது. மூட்டில் ஒரு சொட்டு, அலகில் ஒரு தடவல்.

வாங்கும்போது எல்லாரும் அலகைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் காதைக் கொடுப்பேன். நல்ல ஸ்பிரிங் உள்ள கத்தி விரியும்போதும் மடியும்போதும் சுத்தமாக 'டக்' என்னும். சேகரிப்பவர்கள் இதை 'வாக் அண்ட் டாக்' என்கிறார்கள்: நடையும் பேச்சும். பேச்சில்லாத கத்தியில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், இல்லை உள்ளே ஐம்பது வருஷ அழுக்கு இருக்கும். அழுக்கென்றால் டபிள்யூடி-40 என்கிற எண்ணெய் ஸ்ப்ரே அடித்துப் பல்குச்சியால் எடுத்தால் திரும்பிவிடும். தளர்ச்சி திரும்பாது.

இன்னொரு கோளாறு கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. அலகின் அடியில் ஒரு சின்ன மேடு உண்டு. மடக்கும்போது அதுதான் போய் ஸ்பிரிங்கில் உட்கார்ந்து, கூரான விளிம்பு மோதாமல் தடுக்கும். அந்த மேடு தேய்ந்துவிட்டால் ஒவ்வொரு 'டக்'குக்கும் கூர் போய் ஸ்பிரிங்கில் இடித்து, சரியாக ஒரே இடத்தில் பல்லு விழும். என் முதல் ராட்ஜர்ஸுக்கு இதுதான் வியாதி. தினமும் தீட்டுவேன், மறுநாள் அதே இடத்தில் பல்லு. ஒரு வருஷம் என் தீட்டலைத்தான் சந்தேகப்பட்டேன். கடைசியில் கத்தியின் வயிற்றுக்குள் அரிசி அளவு தோல் துண்டு ஒன்றைச் செருகினேன். இப்போது பல்லு விழுவதில்லை, பேச்சும் போய்விட்டது.

பிடி விஷயத்தில் எலும்பு எதையும் தாங்கும். உற்றுப் பார்த்தால் ஊசி முனைபோல் கருப்புப் புள்ளிகள் தெரியும், பிளாஸ்டிக்கில் இருக்காது. எருமைக்கொம்பு ரோஷக்காரன். ஹீட்டருக்கு மேல் ஒரு குளிர்காலம் வைத்தேன், சுருங்கி ஆணியோரம் விரிசல் விட்டது. விலை அதிகம் மான்கொம்புக்கு. அதில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து போன கடமான் கொம்பு. 1990களின் இறுதியில் ஏற்றுமதிக்குத் தடை வந்தபின் புதிதாகக் கிடைப்பது அரிது. சந்தைத் தகர டப்பாவில் கிடப்பதைக் கையில் எடுத்தால், நம் காட்டில் உதிர்ந்தது இங்கே வந்து கிடக்கிறதே என்று கொஞ்ச நேரம் வைத்துப் பார்ப்பேன்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்து ராணுவக் கத்தியும் ஒன்று இருக்கிறது. பிரிட்டிஷ் அரசின் அம்பு முத்திரை, 1944, டின் திறப்பான், கயிறு முடிச்சு அவிழ்க்கும் முள். கட்டுமஸ்தான சாமான்தான், ஆனால் இரண்டு நாள் போட்டுப் பார்த்தேன், பேன்ட் இறங்குகிறது. முகாமுக்குப் போகிறவர்களுக்குச் சரி.

இப்போது எந்தக் கத்தியும் மூடிய பெட்டியில் இல்லை. திறந்த தட்டில் வரிசையாக, வாரம் ஒன்று முறை வைத்துப் பாக்கெட்டுக்கு வரும். தோலுறையிலும் வைப்பதில்லை, பித்தளையில் களிம்பு ஏற்றும். அந்தத் தேன் நிறப் பிடிக்காரனைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. தோட்டத்துக் கொட்டகையில், மூடி இல்லாத பிஸ்கட் டப்பாவில், தனியாக இருக்கிறது. நேற்று குனிந்து மோந்து பார்த்தேன். இன்னும் லேசாகக் கற்பூரம்.