கிம்ப்: வேலையில் குறையில்லை, காரணம் சொல்வதில்தான் தாமதம்

படங்களைத் திருத்தும் இலவச மென்பொருளான கிம்ப்பை 2.6 பதிப்பின் காலத்திலிருந்து பயன்படுத்துகிறேன். பத்திரிகை, பிளெக்ஸ், கடை நோட்டீஸ் என்று சில்லறை வேலைகள்தான். மென்பொருளின் வசதிகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். தன் நோக்கத்தை அது பயனரிடம் எப்படிச் சொல்கிறது என்பதைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும்.

2012 மே மாதம் 2.8 வந்தபோது பலரையும் கடுப்பேற்றியது கண்ட்ரோல்-எஸ். ஜேபெக் படத்தைத் திறந்து, நிறத்தைத் திருத்தி, வழக்கம்போல அழுத்தினால், கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாகத்தான் சேமிப்பேன் என்றது. ஜேபெக் வேண்டுமானால் எக்ஸ்போர்ட்டுக்குப் போக வேண்டும். காரணம் நியாயமானதுதான். ஜேபெக்கில் லேயர்கள், அதாவது படத்தின் தனித்தனி அடுக்குகள், ஒன்றாகக் கலந்துவிடும், திரும்பத் திரும்பச் சேமித்தால் தரமும் குறையும். உயர்தரப் புகைப்படத் திருத்தம்தான் இலக்கு என்று 2006-லேயே, பிரான்சின் லியோன் நகரில் கூடியபோது, பயன்பாட்டு வடிவமைப்பாளர் பீட்டர் சிக்கிங்கின் வழிகாட்டலில் கிம்ப்பை உருவாக்கும் குழு முடிவெடுத்துவிட்டது. ஆனால் அது இருந்தது ஒரு விக்கிப் பக்கத்தில். பாஸ்போர்ட் போட்டோ வெட்டுகிறவர் அதை எங்கே தேடிப் படிப்பார்? அவர் கண்ணில் பட்டதெல்லாம் சேமிக்க மறுக்கும் ஒரு பெட்டி. வட்டம் வரையத் தனிக் கருவி இல்லையே என்ற பழைய புலம்பலும் இதே ரகம், இலக்கு தெரியாததால் வந்தது.

பிறகு குழு தேறியது என்றே சொல்வேன். 2.10 வந்தது 2018 ஏப்ரலில், 3.0 வந்தது 2025 மார்ச்சில். இடையில் கிட்டத்தட்ட ஏழு வருடம். ஆனாலும் எனக்குப் பொறுமை போகவில்லை. 2020-லிருந்து வந்த 2.99 சோதனைப் பதிப்புகள் ஒவ்வொன்றுக்கும், எது மாறியது, ஏன் மாறியது, எது இன்னும் சரியாகவில்லை என்று விளக்கமாக எழுதினார்கள். 3.0 எப்போது வரும் என்ற தேதி மட்டும் வாயிலிருந்து வராது. அதுவும் சரிதான்.

3.0-இல் ஃபில்டரைப் போட்ட பிறகும் திறந்து மாற்றலாம், நீக்கலாம். எக்ஸ்சிஎஃப்-ஆகச் சேமித்தால்தான் அது அப்படியே இருக்கும். ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்தால் படத்தோடு படமாகிவிடும். சேமிப்பும் எக்ஸ்போர்ட்டும் ஏன் பிரிந்தன என்பது புதிதாக வருகிறவருக்கு வேலையிலேயே புரிந்துவிடுகிறது. 2012-இல் இந்த வசதி இருந்திருந்தால் பாதிச் சண்டை நடந்திருக்காது.

வெட்டி ஒட்டுவது மட்டும்தான் வேலை என்றால், திறந்த ஜேபெக்கின் மேலேயே எழுதிவிடும் ஓவர்ரைட் கோப்பு மெனுவில் இருக்கிறது. விசைக் குறுக்குவழி அமைப்பில் அதற்கே கண்ட்ரோல்-எஸ்ஸை மாற்றிக் கொடுத்துவிடலாம்.