பி.எம்.பி. பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்

கோலாலம்பூரில் ஒன்பது ஆண்டுகளாகக் கணக்கு எழுத்தராக இருக்கும் நான், தொழில்நுட்பத் துறைக்குள் நுழையத் திட்ட மேலாண்மை நல்ல வழி என்று எண்ணி, ஊழியர் சேமநிதியின் மூன்றாம் கணக்கில் இருந்ததையும் எடுத்து, திட்ட மேலாளர்களுக்கான பி.எம்.பி. (PMP) சான்றிதழ் பெற ஒரு பயிற்சி மையத்தில் 4,800 வெள்ளி (ரிங்கிட்) கட்டினேன். "எட்டுச் சனிக்கிழமை வந்தால் போதும் தம்பி, பி.எம்.பி. உங்கள் கையில்" என்றார் பதிவு மேசையில் இருந்த அக்கா.

வகுப்புகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பயிற்றுநர் திரையில் இருந்ததை வாசித்தார், நாங்கள் எழுதிக்கொண்டோம். கடைசி நாளில் தங்க முத்திரை பதித்த தடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். அது வெறும் வருகைச் சான்றிதழ் என்பது வீட்டுக்கு வந்து நிதானமாகப் படித்த பிறகே புரிந்தது.

பி.எம்.பி. சான்றிதழை எந்தப் பயிற்சி மையமும் வழங்க முடியாது. அமெரிக்காவின் திட்ட மேலாண்மைக் கழகமான பி.எம்.ஐ. (PMI) தான் தேர்வு வைத்து வழங்குகிறது. பட்டதாரிகள் அத்தேர்வை எழுத 35 மணி நேரப் பயிற்சியுடன், திட்டங்களை முன்னின்று நடத்திய 36 மாத அனுபவமும் வேண்டும். எனக்கு ஒரு மாதம்கூட இல்லை. அதே கழகத்தின், அனுபவமே கேட்காத சி.ஏ.பி.எம். (CAPM) என்ற தொடக்கநிலைத் தேர்வு ஒன்று இருக்கிறது. இடைநிலைக் கல்வியும் 23 மணி நேரப் பயிற்சியும் இருந்தால் அதை எழுதலாம் என்பதை அந்த எட்டு வாரங்களில் ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை.

பணத்தைவிட என்னை அதிகம் வருத்தியது அதற்குப் பிறகு நடந்ததுதான். நியாயம் கேட்க மையத்துக்குப் போனபோது, பி.எம்.பி. தேர்வுக்கான விண்ணப்பப் படிவத்தைத் திரையில் திறந்து, நான் அலுவலகத்தில் ஆண்டுதோறும் செய்யும் சரக்கிருப்புக் கணக்கெடுப்பை "மென்பொருள் மாற்றத் திட்டம்" என்று அவர்களே தட்டச்சு செய்யத் தொடங்கினார்கள். பி.எம்.ஐ. சில விண்ணப்பங்களைத் தேர்ந்தெடுத்துத் தணிக்கை செய்யும்; அப்போது மேலாளர் கையொப்பமிட்டு அனுபவத்தை உறுதிப்படுத்த வேண்டும். என் மேலாளரிடம் அந்தப் பொய்யை எந்த முகத்தோடு நீட்டுவேன்? நிறுத்தச் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

கட்டணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டதால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் முதலாம் படிவத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. இதே போல ஏமாந்தவர்கள் ரசீதையும் விளம்பரத் தாளையும் புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்த செய்திகளையும் அழித்துவிடாதீர்கள். என் மனுவோடு நான் இணைத்தவை அவைதாம்.