லயத்து வீட்டில் லெப்டொப்புக்கு எந்த வைஃபை: 2.4 ஆ, 5 ஆ?

ஹட்டன், தலவாக்கலை பக்கத்து லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அடிக்கடி கேட்கிற கேள்வி இது. ரவுட்டர் ஒன்றுதான், லெப்டொப்பில் இரண்டு பெயர் தெரிகிறது. ஒன்று 2.4 கிகாஹேர்ட்ஸ், மற்றது 5. எதில் இணைப்பது?

5 வேகமானது, அக்கம்பக்கத்து ரவுட்டர்களின் இடைஞ்சலும் குறைவு. ரவுட்டர் இருக்கிற காம்பராவிலேயே உட்கார்ந்து சூம் வகுப்பு பார்க்கும் பிள்ளைக்கு இதுதான் சரி. ஆனால் பழைய லயத்துக் கருங்கல் சுவரைத் தாண்ட அது திணறும். லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு இஸ்தோப்புக்கு (முன் விறாந்தைக்கு) வந்தால் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையும், அப்புறம் இணைப்பே அறுந்துவிடும்.

2.4 மெதுவானதுதான், ஆனாலும் சுவரைத் தாண்டி வரும். அதன் தொல்லை வேறு: வீடுகள் ஒட்டி ஒட்டி இருப்பதால் எல்லா ரவுட்டரும் ஒரே சேனலில் (2.4க்குள் இருக்கிற எண் போட்ட பாதைகளில் ஒன்றில்) முட்டிக்கொள்ளும். ரவுட்டர் செட்டிங்ஸில் 1, 6, 11 இவற்றில் நெரிசல் குறைந்ததைப் போடுங்கள். இந்த மூன்றும் ஒன்றோடொன்று மோதாது. மைக்ரோவேவ் ஓடும்போதும் 2.4 தடுமாறும்.

போனில் தெரிகிற 5, லெப்டொப்பில் தெரியவே இல்லையா? பெரும்பாலும் லெப்டொப்பின் வைஃபை கார்ட் பழையதாக இருக்கும்.

என்னைக் கேட்டால், குறுக்கே ஒரு கல்சுவர் இருந்தாலே 2.4 தான். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் ரவுட்டரில் வேறு வேறு பெயர் கொடுத்துப் பிரித்துவிட்டு, வேண்டாத பெயரை லெப்டொப்பிலிருந்து அழித்துவிடுங்கள்.