ஹோரஸின் கண்ணும் கெப்ரியின் வண்டும்: ஆறு ஆண்டுகள் அணிந்த அனுபவம்

2018ஆம் ஆண்டு கெய்ரோவின் கான் எல் கலீலி கடைவீதியில் மூன்று நகைகளை வாங்கினேன்: 925 வெள்ளியில் (92.5 சதவீதம் வெள்ளி) பண்டைய எகிப்தின் வல்லூறுத் தலைக் கடவுளான ஹோரஸின் கண் பதக்கம், லாபிஸ் லசூலி என்ற நீலநிறக் கல்லில் செதுக்கிய வண்டு மோதிரம், தங்க முலாம் பூசிய பித்தளை அன்க் (மேலே வளையமுள்ள சிலுவை வடிவம்). ஆறு ஆண்டுகள் அணிந்து பார்த்த பிறகே இவற்றைப் பற்றி எழுதுகிறேன்.

அன்க் உயிரைக் குறிக்கும் சின்னம். ஆனால் எட்டே மாதத்தில் முலாம் தேய்ந்து, வியர்வை பட்ட இடமெல்லாம் கழுத்தில் பச்சைக் கறை படிந்தது. அதை வாங்கியிருக்க வேண்டாம்.

வெள்ளிப் பதக்கம்தான் என்னோடு நிலைத்தது. கடவுளரின் சதை பொன், எலும்பு வெள்ளி என்று எகிப்தியர்கள் கருதினார்கள். சேத் என்ற கடவுளுடன் நடந்த போரில் சிதைந்த ஹோரஸின் கண்ணை அறிவின் கடவுளான தோத் குணப்படுத்தினார் என்பது கதை. அதன் பழம்பெயரான ‘வெஜத்’ என்பதற்கே ஊறின்றி முழுமையாக இருப்பது என்றுதான் பொருள். வெள்ளி கறுக்கத் தொடங்கிய முதல் ஆண்டில் அதை விடாமல் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். அது தவறு என்பது பிறகுதான் புரிந்தது. கண்ணுக்குக் கீழே இறங்கும் கோடும் சுருளும் வல்லூறின் முகக்குறியிலிருந்து வந்தவை. பள்ளங்களில் கறுப்பு தங்கியபோதுதான் அவை தெளிவாக எழுந்து நின்றன. இப்போது மேற்பரப்பை மட்டும் மெல்லிய துணியால் துடைக்கிறேன். நான்காம் ஆண்டில் சங்கிலி கோக்கும் வளையம் தேய்ந்து அறுந்தது. எங்கள் ஊர்ப் பத்தர் புதிய வளையத்தைப் பற்றவைத்துத் தந்தார். சற்றே நிறம் மாறித் தெரியும் அந்த ஒட்டு, குணமடைந்த கண்ணுக்குப் பொருத்தமாகவே எனக்குப் படுகிறது.

மோதிரத்தைப் பற்றிக் குறை உண்டு. சாண உருண்டையை உருட்டும் வண்டைப் பார்த்து, காலைச் சூரியனை வானில் உருட்டிச் செல்லும் கெப்ரி என்ற கடவுளை எகிப்தியர்கள் கண்டார்கள். லாபிஸ் லசூலியில் கால்சைட் என்ற கனிமம் கலந்திருப்பதால் அமிலம் அதற்கு ஆகாது; புளி கரைக்கும்போதும் எலுமிச்சை பிழியும்போதும் கழற்றாமல் இருந்ததால் வண்டின் முதுகு மங்கிவிட்டது. இது என் கவனக்குறைவு. ஆனால் அமைப்பிலேயே ஒரு குறை இருக்கிறது. பண்டைய வண்டு மோதிரங்கள் பலவற்றில் கல்லை நீளவாக்கில் துளையிட்டுக் கம்பியில் கோத்திருப்பார்கள். திருப்பினால் அடிப்பக்கத்துப் பொறிப்பு முத்திரையாகப் பயன்படும். என்னுடையதில் வண்டைப் பசையால் ஒட்டிவிட்டதால் அடிப்பக்கத்தைக் காணவே முடியாது. இன்னொரு மோதிரம் வாங்கினால், சற்று அதிக விலையானாலும், சுழலும் வண்டைத்தான் கேட்டு வாங்குவேன்.